டெல்லா விலை எழுதித் தராத துப்பாக்கி

டெல்லா ருஸ்டாடிடம் துப்பாக்கிக்கு விலை கேட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். என் சலவைக் கடை அவள் கடைக்கு நேர் எதிரே. இருபது வருடமாக அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மொத்தமே ஐந்நூறுதான் செஞ்சாங்களாம், அபூர்வமாம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான் ஒருவன்.

"அந்த ஐந்நூறையும் வாங்கினவங்க உன்னை மாதிரியே பெட்டியை விட்டு எடுக்காம வெச்சிருக்காங்க. அப்புறம் எங்கேருந்துப்பா அபூர்வம்?" என்பாள் டெல்லா.

பத்தொன்பது வயதில் அந்த வேட்டைச் சாமான் கடைக்குத் துப்பாக்கி துடைக்க வந்தவள். இப்போது ஐம்பத்தாறு. புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். வெள்ளைப் பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு, குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்து, திருகுகளின் தலையை உருப்பெருக்கியால் துழாவி, "இதை யாரோ பிரிச்சு மாட்டியிருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் ஆளைச் சாய்த்துவிடுவாள். ஆனால் அவள் சொன்ன விலை தப்பாது. தூரத்து நகரமான பில்லிங்ஸிலிருந்து வக்கீல்கள்கூட அவள் எழுதித் தரும் தாளை நம்பிச் சொத்துப் பிரிப்பார்கள்.

இனி நான் சொல்லப் போவது ஒரு குளிர்காலம் தொடங்கி அடுத்த கோடை வரை, என் கடையில் உட்கார்ந்து போர்வை மடித்தபடி அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

நவம்பர் இரண்டாம் வாரம். எல்க் மான் வேட்டை உச்சத்தில் இருந்தது. எங்கள் ஊர் பிரஷ் கிரீக்கில் நடக்கத் தெரிந்த ஆம்பளைகள் எல்லோரும் மலையில் இருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஹார்லன் டீட்ஸ் கடைக்குள் வந்தார். அறுபத்தெட்டு வயது, ஊருக்கு இருபத்திரண்டு மைல் தள்ளி மாட்டுப் பண்ணை. வசந்தத்தில் மனைவி ரூத் இறந்திருந்தாள்.

"என்ன ஹார்லன், மலைக்குப் போகலையா? எல்க் எல்லாம் உங்களைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்குமே?"

"தேடட்டும்" என்றார். கையிலிருந்த நீளப் பெட்டியை மேஜையில் வைத்தார். "இதுக்கு விலை எழுதிக் குடு டெல்லா."

லீவர் இழுத்துச் சுடுகிற வேட்டைத் துப்பாக்கி. மாநிலத்தின் நூற்றாண்டுக்காக ஒரு தொழிற்சாலை ஐந்நூறு மட்டும் செய்து விற்றது. பக்கத் தகட்டில் தங்கத்தில் எல்க் தலை, அதன் கீழே 217 என்று எண். ரூத் வாங்கிக் கொடுத்ததாம். பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீட்டிலும் அதே எண். உறை, காகிதங்கள், கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டை, எதுவும் குறையவில்லை. லீவரை இழுத்து உள்ளே பார்த்தாள். தோட்டா ஏறி இறங்கினால் பித்தளை உராய்ந்த கோடு விழும். அங்கே அது இல்லை. குழல் கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஒரு தடவைகூடச் சுட்டதில்ல."

"ரூத் குடுத்தது. அழுக்காக்க மனசு வரல."

"அப்படின்னா ரெண்டாயிரத்து எண்ணூறு. பெட்டி இல்லேன்னா ரெண்டாயிரத்தைத் தாண்டாது. பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

ஹார்லன் தலையாட்டினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வானிலை விசாரிக்கிற குரலில் கேட்டார்: "ஒரே ஒரு தடவை சுட்டிருந்தா?"

"பாதிதான் தேறும். ஆயிரத்து நானூறு." தொழில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது.

"ஆயிரத்து நானூறு" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "அதையும் சேர்த்து எழுதிடு. கோராவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. யாரும் அவளை ஏமாத்திடக் கூடாது." கோரா அவருடைய ஒரே மகள், பில்லிங்ஸில் பள்ளி ஆசிரியை.

எட்டு வருடம் முன்னால் டெல்லாவுடைய தம்பி கர்டிஸ் இதே மேஜையில் ஒரு பெட்டி தோட்டா வாங்கினான். "வேட்டைக்கா?" என்றாள். "ஆமாக்கா" என்று சிரித்தான். அது மார்ச் மாதம், வேட்டைக் காலமே இல்லை. சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் அவன் இல்லை.

பெட்டியை மூடியபடி கேட்டாள்: "மத்த துப்பாக்கியெல்லாம் எங்கே ஹார்லன்?"

"மச்சான் பையனுக்குக் குடுத்துட்டேன். மாட்டையும் வித்தாச்சு."

"பிப்பின் எங்கே? வண்டியில ஏறாம இருக்க மாட்டானே."

"நாயைப் பக்கத்துப் பண்ணையில விட்டுட்டேன். அங்கே புள்ளைங்க இருக்கு, விளையாடும்."

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பொய் சொன்னாள்.

"எண்ணுல ஒரு சந்தேகம் இருக்கு. இந்த ஏழு பின்னால செதுக்கின மாதிரி தெரியுது. தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்கணும். பத்து நாளாகும், இங்கேயே இருக்கட்டும்."

"ஊருக்கே விலை சொல்றவளுக்கு இன்னைக்கு ஏழு தெரியலையா?"

"கண்ணாடி மாத்தணும் போல."

சண்டை போடுவார், பெட்டியைப் பிடுங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஹார்லன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவளுக்கு மூச்சு வந்தது. பெட்டியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பையில் போடும்போதுதான் உறைத்தது. ரசீது கேட்கவில்லை. ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர் பொருளை விட்டுவிட்டு, எப்போது வரட்டும் என்றுகூடக் கேட்காமல் போகிறார் மனுஷன். திரும்பி வரப் போகிறவன் அப்படிப் போவானா?

ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தாள். அவர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கோராவின் பள்ளிக்கு அடித்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, உடனே கிளம்பு" என்றாள். என் கடைக் கண்ணாடி வழியே டெல்லா கோட்டுப் பொத்தான் போடாமல் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

இருபத்திரண்டு மைலும் காற்று பனியைக் குறுக்கே வாரியடித்தது. வேகமாகப் போனால் வண்டி சறுக்குகிறது, மெல்லப் போனால் நெஞ்சு தாங்கவில்லை. "போய்ச் சேரணும்னும் பயம், போய்ச் சேர்ந்துடுவேனோன்னும் பயம்" என்றாள் என்னிடம்.

பண்ணை முற்றத்தில் அவருடைய வண்டி நின்றது, ஓட்டுபவர் பக்கக் கதவு திறந்தபடி. இருக்கையில் பனி படிந்திருந்தது. வீட்டுக் கதவைத் தட்டினாள், பதில் இல்லை. உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். எல்லாம் துடைத்து வைத்திருந்தது. சமையலறை மேஜையில் காகிதங்களை அடுக்கி, மேலே கோராவின் பெயர் எழுதிய உறை. அதை அவள் தொடவில்லை.

தொழுவத்துக்குப் போனாள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கொண்டியில் கை வைத்தவளால் இழுக்க முடியவில்லை. கர்டிஸைக் கண்டுபிடித்தது அம்மா, டெல்லா பார்க்கவில்லை. பார்க்காததையெல்லாம் இந்தக் கதவுக்குப் பின்னால் பார்க்கப் போகிறோம் என்று தோன்றியது. எத்தனை நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஹார்லன்!" என்று கத்தினாள். காற்றில் குரல் போன இடம் தெரியவில்லை. "ஹார்லன், நான் டெல்லா!"

உள்ளே குதிரை ஒன்று கனைத்தது. அப்புறம் ஒரு இருமல்.

கதவை இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்தாள். வைக்கோல் கட்டின் மேல் ஹார்லன் உட்கார்ந்திருந்தார், தொப்பி மடியில். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கடையைப் பூட்டிட்டா வந்தே? வேட்டை சீசன்ல?"

அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். கர்டிஸிடம் கேட்காததைக் கேட்டாள்.

"சாகணும்னு நினைக்கிறீங்களா ஹார்லன்?"

அவர் தொப்பியை மடியில் திருப்பி வைத்தார். பிறகு, "உன் கையைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, உனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு" என்றார். "இங்கே வந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியல. என்ன பண்றதுன்னும் தெரியல. போயேன் நீ."

"போக மாட்டேன்."

"உனக்கு எப்பவும் திமிரு."

"ஆமா. கோரா வந்துக்கிட்டிருக்கா."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அந்த வாய் இல்லை அவளுக்கு. குதிரைகளுக்குத் தண்ணீர் உறைந்திருந்ததைப் பார்த்து, "எழுந்திரிங்க, இதை உடைக்கணும்" என்றாள். இரண்டு பேரும் பனிக்கட்டியை உடைத்தார்கள், வைக்கோல் போட்டார்கள். அவர் தொழுவத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கூடவே போனாள். சிறுநீர் கழிக்கப் போனபோதும் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தாள். கோரா வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது.

கோரா அவரைப் பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குளிர்காலம் முழுக்க அவர் மகள் வீட்டில் இருந்தார், மருந்து சாப்பிட்டார், வாரம் ஒருதரம் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேசினார். டெல்லா போன் செய்தால் மட்டும் எடுக்க மாட்டார். "மக முன்னால அவமானப்படுத்திட்டேன்னு கோவம். இருக்கட்டும். கோவப்பட ஆள் இருக்காரே" என்பாள்.

மே மாதம் பண்ணைக்குத் திரும்பினார், துப்பாக்கி மட்டும் டெல்லாவின் அலமாரியிலேயே இருந்தது. அன்றிலிருந்து டெல்லாவுக்குச் சனிக்கிழமைத் தூக்கம் போனது. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு மைல் போவாள். வாசலில் நிறுத்த மாட்டாள். புகைபோக்கியில் புகை வருகிறதா, வண்டி இடம் மாறியிருக்கிறதா என்று சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஆறாவது சனிக்கிழமை ஹார்லன் பண்ணை கேட் அருகே நின்றிருந்தார், கையில் இரண்டு காப்பிக் கோப்பை. அவள் வண்டியை நிறுத்தினாள்.

"வாரா வாரம் பெட்ரோலை எரிச்சுக்கிட்டுத் திருடி மாதிரி எட்டிப் பார்க்கிறியே, உள்ள வந்தா என்ன?"

"நீங்கதான் பேசலையே."

"இப்பப் பேசறேன்ல."

கோப்பையை வாங்கிக்கொண்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "எனக்கு இன்னும் பயமா இருக்கு ஹார்லன்."

அவர் தன் கோப்பையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தார்.

"எனக்கும்தான்" என்றார். "சில நாள் காலையில ரொம்ப இருக்கும். அப்போ உனக்குப் போன் பண்ணட்டா?"

"எத்தனை மணியானாலும் பண்ணுங்க" என்றாள் டெல்லா. அவர் கேட்டைத் திறந்துவிட்டார். அவள் வண்டியை உள்ளே ஓட்டினாள்.