கல்லறைத் தோட்டத்தில் சொல்லாமல் வந்தது

கடலூரில் நவம்பர் இரண்டாம் தேதி, கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள் சாயங்காலம், குழந்தை குட்டிகளோடு எங்கே போகலாம் என்று என் மனைவி வீட்டாரைக் கேட்டால், யோசிக்காமல் கல்லறைத் தோட்டம் என்பார்கள். சிதம்பரத்தில் வளர்ந்த எனக்கு முதலில் இதைக் கேட்டபோது நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள், அதுவும் சாவு விழுந்தால்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கவா போவார்கள்?

2009இல்தான் நான் முதன்முறையாகப் போனேன். அந்த வருஷம் சித்திரையில் மாமனார் இறந்திருந்தார். நான் இந்து, மனைவி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேத்தி பிறந்த பிறகு மகளை மட்டும் சேர்த்துக்கொண்டார். நான் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, என்னையும் கூப்பிடுவார்களா என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பஸ் ஏறிவிடுவேன். அவர் போன பிறகுதான் மாமியார் என்னை உள்ளே கூப்பிட்டார், நானும் அவரை அத்தை என்று அழைக்க ஆரம்பித்தேன். புது உறவு. எங்கே கெட்டுவிடுமோ என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தால் திருவிழாதான். வாசலில் மெழுகுவர்த்தி, சாமந்திப்பூ, பட்டாணி சுண்டல், பலூன். சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லறை ஓரத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. என் இரண்டு வயது மகள் யாருடைய கல்லறை என்று பார்க்காமல் எல்லா மெழுகுவர்த்தியையும் ஊதி அணைக்கப் பார்த்தாள். யாரும் கோபிக்கவில்லை. பயம் என்ற ஒன்றை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். எனக்கு மட்டும் இருந்தது.

சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். கிளம்பும்போது அத்தை கல்லறையைத் தொட்டு, விரல்களை உதட்டில் வைத்து முத்தி செய்து, "போயிட்டு வரோங்க" என்றார். மனைவியும் "போயிட்டு வரேன்பா" என்றாள். இழவு வீட்டிலும் சுடுகாட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வெளியே வந்தபோது, சமையலறையில் அத்தை என் மனைவியிடம் பேசுவது கேட்டது.

"ஒன் வூட்டுக்காரருக்கு அப்பா மேல கோவம் இன்னும் தீரல. செத்தவருகிட்டகூட ஒரு வார்த்த சொல்லிக்காம போறாரு பாரு."

நேரே உள்ளே போய் எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு முழுவதும் கேட்டார். "அப்புடியா மாப்ள, எங்களுக்குத் தெரியாது" என்றார். விஷயம் அதோடு முடிந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வழக்கம் உண்மைதான். ஆனால் அந்த வழக்கமே இல்லாவிட்டால் மட்டும் நான் சொல்லியிருப்பேனா? அத்தை சொன்னதில் தப்பே இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, மறைத்துக்கொள்ள வழக்கம் வசதியாகக் கிடைத்தது.

மறுநாள் காலை சிதம்பரம் கிளம்புவதற்கு முன், "இன்னொரு தடவ போயிட்டு வந்துடலாமா அத்தை?" என்று கேட்டேன். நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஆள் நடமாட்டமே இல்லை. ராத்திரி பெய்த மழையில் சாமந்திப் பூக்கள் கல்லறையோடு ஒட்டிக் கிடந்தன.

"என்ன சொல்லணும் அத்தை?"

"மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

பக்கத்தில் அத்தை நிற்கிறாரே என்ற கூச்சத்தை விட்டேன். "ஒரு தடவையாச்சும் எங்கிட்ட பேசியிருக்கலாம் மாமா. எத்தினி நாளு வாசல்ல நின்னேன்" என்றேன். பிறகு கல்லறையைத் தொட்டு, "போயிட்டு வரேன்" என்றும் சொன்னேன்.

அத்தை குனிந்து முந்தானையால் கல்லறையின் ஈரத்தைத் துடைத்தார்.

"அவரை மட்டும் ஏன் கேக்கறீங்க மாப்ள? நான் ஜன்னலண்ட நின்னு ஒங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நானும் கூப்புடலியே."