என் மேல் வந்த முதல் புகார்

1. "நாம என்ன ரவுடிங்களா?"

புது வெளியீடு நெருங்கும் நேரத்தில் எங்கள் திட்டத்தின் முக்கியமான ஆள் பேசுவதையே நிறுத்திவிட்டார். காரணம் நான்தான்.

ஓய்வுபெற்றபின் மைசூர் விஜயநகரில் என் வீட்டு மாடியில் பள்ளி நூலகங்களுக்கென்று ஒரு மென்பொருளைத் தொடங்கினேன். ஓப்பன் சோர்ஸ். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திருத்தியும் அனுப்பலாம். வருகிற திருத்தங்களை ரிவ்யூ செய்து சேர்ப்பது என் பொறுப்பு. தப்பு கண்ணில் பட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். வாயில் வந்ததை அப்படியே எழுதியும் விடுவேன்.

மண்டி மொஹல்லாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஸ்டெல்லா, தமிழ், கன்னடத் தலைப்புகளைத் தேடும் வசதியை எழுதிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய திருத்தத்தில் ஒரு பிழை. "இதை எழுதும்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா?" என்று ரிவ்யூவில் எழுதினேன். அதோடு அவர் ஆளையே காணோம். தேடும் வசதி பாதியில் நின்றது. அது இல்லாமல் வெளியிட்டால் பள்ளிகளுக்குப் பயனே இல்லை.

என்னோடு சேர்ந்து திட்டத்தைக் கவனிக்கும் கொள்ளேகால் நாகராஜ் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்ண்ணா, ஒரு கோட் ஆஃப் கண்டக்ட் போட்டுரலாமுங்க. யாரு யாருகிட்ட எப்படிப் பேசோணும்னு எழுதி வச்சா, போனவங்களும் திரும்பி வருவாங்க."

"நாம என்ன ரவுடிங்களா, நடத்தை விதி போட?"

"ரவுடி இல்லீங்க. ஆனா உங்க ரிவ்யூவப் படிச்சுப்போட்டு எனக்கே ரெண்டு நாள் சோறு எறங்கலீங்க."

சிரித்துவிட்டேன். சரி என்றேன்.

2. நிரப்பாத இடம்

இணையத்தில் கிடைக்கும் பொது மாதிரி ஒன்றை அப்படியே எடுத்து ஒட்டினேன். பத்து நிமிட வேலை. "இன்று முதல் நமக்கும் விதிகள் உண்டு" என்று பெருமையாக அறிவித்தேன்.

மறுநாள் திட்டப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் கேள்வி நின்றது: "புகாரை எங்கே அனுப்புவது? அந்த இடத்தில் 'இங்கே உங்கள் மின்னஞ்சலை நிரப்பவும்' என்றுதான் இருக்கிறது."

மானம் கப்பலேறியது. ஊரைப் பார்த்துத் தூங்கினீர்களா என்று கேட்டவன், தன் விதியைத் தானே படிக்கவில்லை. அவசர அவசரமாக என் மின்னஞ்சலைப் போட்டேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"சார், ஸ்டெல்லா பேசறேன். அட்ரஸ் பாத்தேன். ஒரு சின்ன டவுட்டு. உங்க மேலயே கம்ப்ளைண்ட்னா, அதையும் உங்களுக்கேதான் அனுப்பணுமா?"

"என் மேலயாம்மா?"

"ஹௌது சார், உங்க மேலதான். எழுதி ரெடியா வச்சிருக்கேன்."

கோபம்தான் முதலில் வந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது.

"அப்ப நீங்க திட்டத்த விட்டுப் போகலையா?"

"போறவ எதுக்கு சார் உக்காந்து ஒரு பக்கம் எழுதப்போறேன்?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் மேல் புகார் வருகிறதென்று குதூகலித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

3. ஒரு மாதத் தண்டனை

என் முகவரியை எடுத்துவிட்டு நாகராஜின் முகவரியைப் போட்டோம். யார் மேல் புகாரோ அவர் விசாரணையில் தலையிடக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்தோம். தீர்ப்பு இரண்டே நாளில் வந்தது. திட்டப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு, "ஒரு மாசம் ரிவ்யூ பக்கமே தலவெச்சுப் படுக்கக் கூடாதுங்ண்ணா" என்றார் நாகராஜ்.

மன்னிப்புக் கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. அந்த மாதம் முழுக்கப் பயன்படுத்துபவர்களுக்கான உதவிக் குறிப்புகளை எழுதினேன். ஸ்டெல்லா தேடும் வசதியை முடித்தார். நாகராஜ் ரிவ்யூ செய்தார். நான் குறுக்கே வராததால் வேலை மளமளவென்று நடந்தது.

வெளியீடு முடிந்த வாரம் பள்ளியிலிருந்து ஸ்டெல்லா அழைத்தார். "சார், பசங்க தமிழ்ல டைப் பண்ணித் தேடறாங்க. க்யூ நிக்குது." பின்னாலிருந்து பிள்ளைகளின் சத்தம் காதைப் பிளந்தது. போனை வைக்கவே மனம் வரவில்லை.

இப்போது திட்டம் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். விதி எழுதும்போது, உங்கள் மேல் புகார் வந்தால் அது யாரிடம் போகும் என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஸ்டெல்லா எழுதிய அந்த ஒரு பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்கும்போதெல்லாம், "புகார்தாரர் எழுதுனது ரகசியமுங்ண்ணா, விதியில இருக்குது" என்கிறார் நாகராஜ்.

ஸ்டெல்லாவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ அப்படி ரிவ்யூ எழுதுங்க சார்," என்றார். "உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பறேன்."