சிக்துனாச் சனம் எங்கே போனது

தொண்ணூற்றைந்தின் இலையுதிர்காலத்தில் கனடாவில், ஸ்காபரோவில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். தாதிப் படிப்பில் சேர அந்தப் பாடமும் வேண்டுமாம். ஆளுக்கொரு மத்தியகால ஊரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எனக்கு விழுந்தது சுவீடனில் சிக்துனா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊசி போடுவதற்கும் சிக்துனாவுக்கும் என்ன சம்பந்தம்?

நூலகத்துப் புத்தகத்தில் இருந்ததைப் பாடமாக்கினேன். ஏரிக்கரை ஊர். நாணயம் அடித்தார்கள், கல்லில் தேவாலயங்கள் கட்டினார்கள். ஒருநாள் கடல்வழியாக வந்தவர்கள் ஊரைக் கொளுத்தினார்கள். பிறகு வியாபாரமும் ஸ்டாக்ஹோமுக்குப் போய்விட்டது. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டது. சண்டை கிட்ட வர, இலட்சக்கணக்கான சனம் சாவகச்சேரிப் பக்கம் நடக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். அதற்குள்தான் அம்மாவும் அப்பாவும். அப்பாவுக்கு நடக்க ஏலாது. கொழும்பிலிருந்த அண்ணனுக்கும் ஒரு தகவலும் இல்லை.

"உந்த நிலைமையில வகுப்புக்குப் போகத்தான் வேணுமோ?" என்று கணவர் கேட்டார்.

"ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு வீட்டில இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்" என்று அவர்மேல் பாய்ந்துவிட்டுப் போனேன்.

வகுப்பில் சிக்துனா எரிந்தது வரை நன்றாகத்தான் சொன்னேன். ஆசிரியை, தங்கமான மனுசி, ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மக்கள் எங்கே போனார்கள்?"

புத்தகத்தில் அது இல்லை. என் வாய் தானாகச் சொன்னது: "சாவகச்சேரிக்கு."

அதுவும் சுவீடன் ஊர் என்று நினைத்து, பாவம், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினார். பின்வரிசையில் இருந்த எங்கட ஊர் ஆட்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கடைசி எழுத்தைச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். அவர்கள்தான் எழும்பி ஆசிரியைக்கு யாழ்ப்பாணத்து விஷயத்தையும், நடக்க ஏலாத என் அப்பாவைப் பற்றியும் சொன்னார்கள்.

அடுத்த கிழமை அண்ணன் ரெலிபோன் எடுத்தார். "இருக்கினம் பிள்ளை! சாவகச்சேரியில கால் வைக்க இடமில்லையாம். கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கினம். அப்பாவைச் சைக்கிள் கரியரில வைச்சு உருட்டிக்கொண்டு போனவையாம்."

வகுப்புக்கு ஓடினேன். "மிஸ், நான் அன்றைக்குச் சொன்னது பிழை. அந்தச் சனம் சாவகச்சேரியில் இல்லை, கொடிகாமத்தில் இருக்கிறது" என்றேன், எனக்கிருந்த ஆங்கிலத்தில்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "உன் அப்பாவுமா?"

"ஓம்" என்றேன். அதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை.