மடைக்கருப்பைக் கெட்டவராக்கிய மீட்டிங்

வார்சாவில் சாமி உண்டாக்குகிற அறைக்குள் எல்லாரும் ஷூவோடுதான் போகிறார்கள். நான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி. புது விளையாட்டில் ஒரு கற்பனைத் தேசம். அதற்குத் தெய்வங்கள் வேண்டுமாம். மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுச் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே, மழைக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர் என்று இலாகா பிரிக்கிறார்கள். மந்திரிசபை தோற்றது, போங்கள்! அந்த எண்ணெய் விரலாலேயே திரையில் ஒரு தெய்வத்தின் முகத்தைத் தள்ளிவிடுவதைப் பார்க்கச் சகிக்காது.

ஆளுக்கொரு தெய்வம் கொடுங்கள் என்றான் எங்கள் குழுத் தலைவன் மரேக். நான் மடைக்கருப்பைக் கொடுத்தேன். நீடாமங்கலம் பக்கம், எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் பாய்கிற மடையோரம், வேப்பமரத்தடியில் அருவாளோடு நிற்கிறவர். ஆடிக்கு ஒரு கிடா, ஒரு சுருட்டு, ஒரு பாட்டில் சாராயம். அடுத்தவன் தண்ணீரைத் திருப்பிவிட்டவனைச் சும்மா விட மாட்டார். அவரை நம்பித்தான் குறுவைக் காலத்தில் அப்பா வீட்டில் படுத்துத் தூங்கினார்.

"எதற்கான கடவுள்? போருக்கா, மரணத்துக்கா?" என்றான் மரேக்.

"எங்கள் மடைக்கு."

நான் ஜோக் அடித்ததாக நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

"ரத்தம், சாராயம், கத்தி. அப்படியென்றால் கெட்ட கடவுள்."

"கெட்டவர் இல்லை, காவல்காரர்."

"கோபம் வருமா?"

"வரும்."

"கெட்டவர்தான்."

கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஆட்டத்தில் அவரைக் கொல்கிறவனுக்குத் தங்க அருவாள் பரிசு. சிலுவையில் ரத்தம் வடிய நிற்கிறவரை ஞாயிறு தவறாமல் கும்பிடுகிற மரேக் பேசுகிற பேச்சா இது! சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குச் சங்கடமாக இருந்தால் ஒரு மெயில் போடு, அவரை எடுத்துவிடுகிறேன்" என்றான்.

அன்று சாயங்காலமே மெயிலை எழுதிவிட்டேன். அனுப்புமுன் ஊரில் விவசாயம் பார்க்கிற அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். கருப்புக்கு என் பேரில் சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்கச் சொல்லத்தான். அண்ணன் கோயிலில்தான் இருந்தார். பெருமையாகக் காட்டினார். சுற்றிலும் பாத்ரூம் டைல்ஸ், முன்னால் கிரில் கேட். கருப்பின் கையில் அருவாள் இல்லை, ஒரு தாமரைப்பூவைச் செருகியிருந்தார்கள்.

"கெடாவெட்டு நிறுத்தியாச்சும்மா. இனிமே சக்கரைப் பொங்கல்தான். சுருட்டு, சாராயம் ஒண்ணும் கெடையாது."

"பூப்போட்டுக் கேட்டீங்களாண்ணே?"

சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். வயலில் போர்வெல் போடக்கூட அப்படிக் கேட்காமல் எங்கள் வீட்டில் செய்ததில்லை.

"அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா? கமிட்டியில கை தூக்கி முடிவு பண்ணிட்டோம். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா மூஞ்சியச் சுளிக்கிறாங்கல்ல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"ஒனக்கென்னம்மா, நீ வாக்கப்பட்டுப் போனவ. ஒஞ்சாமி ஒம்புருஷன் ஊரு பூதலூர்ல இருக்கு."

போனை வைத்துவிட்டேன். இங்கே சிப்ஸ் தின்றுகொண்டு செய்ததை அங்கே பொங்கல் தின்றுகொண்டு செய்திருக்கிறார்கள், த்தூ! யாராவது ஒருத்தர் அவரிடம் கேட்டார்களா, சொல்லுங்கள்.

மெயிலை அனுப்பவில்லை. அனுப்பினால் சுருட்டும் அருவாளுமாக அவர் நிற்பதற்கு வேறு இடமே இருக்காது. கெட்டவராகவாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வாரம் சோதனை ஆட்டம் என் முறை. திரையில் என் ஆளின் கையிலிருந்த வாளைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் நடத்திக்கொண்டு போனேன். மீசையும் சுருட்டுமாக எங்கள் கருப்பு அப்படியே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காலடியில் நின்று பொத்தான்களைத் தேடினேன். வெட்ட இருந்தது, குத்த இருந்தது, ஓட, குதிக்க, ஒளிய எல்லாம் இருந்தது. கும்பிட இல்லை. கருப்பு அருவாளை ஓங்கினார்.