பவானி மிதித்தால் மட்டும்

போன வாரம் குளுவாங் டவுனில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய கார். வெயிலில் வெந்து சாயம் மீன் செதில் மாதிரி உரிந்திருந்தது. பச்சை விழுந்ததும் அரை அடி நகர்ந்தது, தயங்கியது, வெட்டி இழுத்தது, அப்படியே அணைந்து போனது. பின்னாலிருந்து இரண்டு மூன்று ஹார்ன். ஓட்டிய பெண் கையை வெளியே நீட்டி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு என்ன ஆனதோ, இறங்கிப் போய், "உங்க தப்பு இல்லம்மா, காருதான்" என்று சொல்வதற்காகக் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டேன். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். நல்லதாகப் போயிற்று. நடுரோட்டில் இப்படி வந்து நிற்கிற நரைத்தலை ஆசாமியை அவள் என்னவென்று நினைத்திருப்பாள்?

எங்களிடமும் அப்படி ஒரு கார் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் வாங்கியது. வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் தங்காக் ஊரில் துணி வியாபாரி. பின் இருக்கையில் அவர் துணிக்கட்டுகளை ஏற்றி வந்ததில், மழை நாளில் கண்ணாடியை மூடினால் காருக்குள் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் வரும். பவானிக்கு அந்த வாசம் பிடிக்கும். தினமும் தீபாவளி மாதிரி இருக்குது என்பாள்.

பவானி என் மனைவி. அப்போது சாஆ என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. நாங்கள் பாலோவில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் குளுவாங்கில் ஒரு வானொலித் தொழிற்சாலையில் வேலை செய்தேன், கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அதனால் வார நாள்களில் கார் அவளுக்கு. சனி, ஞாயிறு எனக்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சாவியை நான் எடுத்துக்கொள்வேன், அவள் பக்கத்தில் உட்காருவாள், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் என் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். வானொலியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பிப் பார்ப்பது. கரகரப்பு இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குவது. பழுது கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். மீதிக் கதையைக் கேட்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம் பவானி பள்ளிக்கூடப் பையைக் கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"என்னங்க, இந்தக் காரு ஒரு மாதிரி இழுக்குது. மெதுவா எண்ணெ மிதிய அமுக்குனா தும்மல் போடுற மாதிரி குலுங்குது."

நான் சாவியை வாங்கி, பாலோ கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. குதிரை மாதிரி ஓடியது.

"நல்லாத்தானே ஓடுது. கிளட்ச்ச பட்டுனு விடுறியா?"

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுவாரமும் அதே புகார். இந்த முறை போர்மேனிடம் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் சொல்வோம். மணியம் அண்ணன் நல்ல மனிதர், கைராசிக்காரர். பிளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், காற்று போகும் வழியை எல்லாம் துடைத்தார். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, காலு கொஞ்சம் பழகணும்லா. பொம்பளைங்க பயந்து பயந்து ஓட்டுனா காரும் பயப்படும்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னேன், அதுவும் ஏதோ நகைச்சுவை போல.

அதற்குப் பிறகு பவானி காரைப் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பார்த்துக்கொள்ளுங்கள் என் புத்தியை.

ஒரு திங்கட்கிழமை விடியலில் எழுந்து பார்த்தால் அவள் புடவை கட்டித் தயாராக நிற்கிறாள். கார் சாவி மேசைமேல் கிடந்தது.

"இவ்வளவு சீக்கிரம் எங்க?"

"பஸ்ல போறேன். யோங் பெங் போயி மாறிப் போகணும், இப்பவே கெளம்புனாத்தான் மணியடிக்கிறதுக்குள்ள போலாம். காரு நிக்கட்டுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு முழுக்க வேலையில் கை ஓடியது, மனம் ஓடவில்லை. என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குமிழ்களை விருட் விருட்டென்று திருப்பி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தள்ளியதில் ஒன்றை எடுத்து நான் மெதுவாகத் திருப்பினேன். ஓர் இடத்தில் மட்டும் கரகரவென்றது. "வேகமா திருப்பாதம்மா. வேகமா போனா பழுது இருக்குற எடத்தத் தாண்டிருவ. மெதுவா போனாத்தான் மாட்டும்" என்றேன். சொல்லிவிட்டு அந்தக் குமிழைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் காரிலும் அப்படி ஒரு குமிழ் இருக்கிறது. எண்ணெய் மிதியை, அதாவது ஆக்சிலரேட்டரை, அழுத்தினால் இஞ்சினுக்குக் காற்று விடும் கதவு திறக்கும். அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காரின் மூளைக்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார். உள்ளே பார்த்தால் வானொலிக் குமிழும் அதுவும் ஒரே சாதிதான். ஒரு தடத்தின்மேல் ஒரு முள் தேய்த்துக்கொண்டு நகரும். தடத்தில் ஓர் இடம் தேய்ந்துபோனால், முள் அங்கே வரும்போது மட்டும் மூளைக்குத் தப்பான செய்தி போகும். நானும் மணியம் அண்ணனும் ஒரே மிதியில் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள். பவானி அந்த இடத்திலேயே பொறுமையாக ஓட்டுகிறவள்.

சனிக்கிழமை காலை, மழை விட்டதும், காரை வாசலில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். முள் வைத்த பழைய மல்டிமீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. சென்சாருக்கு மூன்று ஒயர். செய்தி போகும் ஒயரில் ஊசியைச் செருகி மீட்டரை மாட்டினேன். இஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி வைத்து, மிதியிலிருந்து வரும் கேபிளைக் கையாலேயே இழுத்துப் பார்த்தேன். மீட்டரின் முள் அழகாக ஏறி இறங்கியது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அழகாக. வியர்த்துவிட்டது. என் கை தொழிற்சாலையில்தான் மெதுவான கை போலிருக்கிறது.

பவானி துணி காயப்போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் மிதிக்கிறேன். நீங்க பாருங்க."

மிதித்தாள். முள் மெல்ல எழுந்தது. கொஞ்சம் ஏறியதும் படக்கென்று கீழே விழுந்து துடித்து, மறுபடி எழுந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும், "இன்னொரு தடவ மிதி" என்றேன். அதே இடத்தில் விழுந்தது. "இன்னொரு தடவ."

தூக்கிய பானெட் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"போன வாரம் வெள்ளிக்கிழம பெரிய ரோட்டுல ஏறும்போது நடுவுலயே நின்னுருச்சு. செம்பனைக் காய் ஏத்துன லாரி வந்துச்சு. அந்த டிரைவர் ஒடிச்சுத் திருப்புனதால தப்பிச்சேன். காய் ரெண்டு குலை ரோட்டுல விழுந்துச்சு. அவரு எறங்கி வந்து ஏசுவாருன்னு பாத்தா, 'தாக் அப்பா, தாக் அப்பா'ன்னு சொல்லிட்டு காரத் தள்ளி ஓரமா வுட்டுட்டுப் போனாரு."

பரவாயில்லை, பரவாயில்லை என்று முகம் தெரியாத ஒரு மலாய்க்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கிளட்ச்ச பட்டுனு விட்டேன்னா?"

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னொரு தடவ மிதி" என்றேன். பார்ப்பதற்கு எதுவும் பாக்கி இல்லை. பானெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வரத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் மிதித்தாள்.

கடைசியில் சுற்றி வந்து கதவருகே நின்று சொன்னேன். "உன் கால்ல ஒண்ணும் தப்பில்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்று மதியமே குளுவாங்குக்குப் போனோம், அவள்தான் ஓட்டினாள். இரண்டு இடத்தில் கார் தும்மியது. பக்கத்து இருக்கையில் என் உடம்பு முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். பழைய கார்களை அறுத்துப் பாகம் விற்கும் காதர் பாய், அலமாரியில் குவிந்து கிடந்த சென்சார்களில் எங்கள் காருக்குப் பொருந்துவதைத் தேடித் தந்தார். நான் அதை அங்கேயே மீட்டரில் மாட்டி, அவர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். "ஏன் தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்குற?" என்றார். பவானி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

வீட்டில் இரண்டு திருகாணியைத் தளர்த்தி, புதியதை வைத்து, மிதியை விட்ட நிலையில் மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வரும்வரை நகர்த்தி இறுக்கினோம். மிதித்தது அவள். திங்கட்கிழமை அவள் காரில் போனாள். மணியம் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அலமாக்! சிஸ்டர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். நான் கேட்காததை அவர் கேட்டுவிட்டார்.

அந்தக் கார் இன்னும் சில வருடம் ஓடி, அடித்தகடு துருப்பிடித்து, கடைசியில் காதர் பாய் கடைக்கே போனது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். நான் வேலை செய்த தொழிற்சாலையும் மூடிவிட்டது. சுழற்றுகிற குமிழ் வைத்த வானொலியை இப்போது யார் வாங்குகிறார்கள்?

பவானி இன்று தலைமையாசிரியை. அவளுக்கென்று தனிக் கார். போன மாதம் அதன் பின் இருக்கையில் பிரேக் பாகம் வந்த ஒரு காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். பிரேக் மாற்றியிருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொல்லி என்னங்க? ஒர்க்‌ஷாப்புல காரை லேப்டாப்போட மாட்டுனாங்க. எல்லாம் அதுவே சொல்லிருச்சு."

"எப்படி ஓடுது, எங்க இழுக்குதுன்னு உங்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"யாரும் கேக்கல" என்றாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "பேப்பர் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன், வந்துட்டேன்."