சுகிர்தம் திரும்பப் பெற்ற கட்டுரை

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். ஞானரட்ணம் வாத்தியார் ஒருவரே அதில் ஐந்து வகுப்புக்கும் பாடம் சொன்னார். அவருடைய மகள் சுகிர்தம் ஹட்டன் மிஷன் பள்ளியில் லத்தீன் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கிரேக்கமும் பண்டைய வரலாறும் படித்தாள். "வாத்தியாரு மக ரோமாபுரி ராசாக்க கதையப் படிக்குதாம்" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேசிச் சிரித்தார்கள். 1954இல் அவள் முதல் வகுப்பில் தேறி அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளர் ஆனபோது, அதே ஆட்கள்தான் வாத்தியார் வீட்டுக்கு வாழைக்குலை தூக்கிவந்தார்கள்.

அடுத்த வருடம் ஏப்ரல் விடுமுறைக்கு வந்திருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பிள்ளைகள் தாயம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காய்களாகப் பாசி நிறத்தில் சின்ன வில்லைகள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்ந்துபோன ஒரு மனிதத் தலை; ஓரத்தில் மூன்று லத்தீன் எழுத்துகள். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய ரோமச் செப்புக்காசு.

காசுகள் ராக்காயியுடையவை. ஐம்பதைத் தொட்டவள், தேயிலைக் கொழுந்து பறிப்பவள், விதவை.

"எங்க கெடச்சுது ராக்காயிம்மா?"

ராக்காயி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். "லயத்துக் காம்பராவுக்குப் பின்னால மரக்கறித் தோட்டம் கொத்தயில கெடச்சுச்சு தாயி. நீயே வச்சுக்க."

கரையோரப் பட்டினங்களில் ரோமக் காசு கிடைப்பது புதிதல்ல. இவ்வளவு உயரத்தில் ஒருவரும் கண்டதாக அவள் படித்ததில்லை. உண்மையென்றால், அந்தக் காலத்து வணிகர்கள் மலையேறி வந்திருக்கிறார்கள். சுகிர்தம் தோட்டத்துரையிடம் அனுமதி வாங்கி மூன்று நாள் அந்த இடத்தைத் தோண்டிச் சலித்தாள். ஓர் ஓட்டுத்துண்டுகூட அகப்படவில்லை. தண்ணீர் வடியக் கான் வெட்டியதில் மண் புரண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டுரையிலும் அப்படியே எழுதினாள்.

1957இல் ஆய்விதழில் அது வெளிவந்தது. பேராசிரியர் எல்லார் முன்னிலும் பாராட்டினார். நிரந்தரப் பதவிக்கு அவள் பெயர் போயிற்று. மேற்படிப்புக்கு லண்டனுக்கு அனுப்பும் பேச்சும் எழுந்தது. பதவியைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. நேற்று வந்த கூலிகளின் மலை என்று சொல்லப்பட்ட இடத்துக்கு ஒரு பழங்காலத்தைத் தேடிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

லண்டனுக்கு அனுப்பக் காசுகளின் புகைப்படம் தேவைப்பட்டது. காசுகளை ஊறவைத்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். ஒன்றில் பச்சைக் களிம்பு கெட்டியாக இருந்தது. ஊசியால் கிளறியபோது உள்ளேயிருந்து மணல் உதிர்ந்தது. உருண்டு தேய்ந்த பருமணல், இடையிடையே மினுங்கும் துகள். ஆற்று மணல். ராக்காயியின் தோட்டத்திலோ கையில் அப்பும் செம்மண். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையே ஹட்டனில் பஸ் மாறித் தோட்டத்துக்குப் போனாள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த ராக்காயி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"ராக்காயிம்மா, அந்தக் காசு இந்த மண்ணுல கெடச்சது இல்லீங்கதானே?"

ராக்காயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"கரூரு பக்கம் தாயி. அமராவதி ஆத்துல. அப்பன் சாகக் கெடக்குறாருன்னு முப்பத்தேழுல போனேன். போன எடத்துல காச்சல் கண்டு பதினாலு மாசம் கெடந்துட்டேன். ஆத்துல மணல் அள்ளப் போனப்ப பொறுக்குனது."

"அத ஏன் மறைச்சீங்க?"

"பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேன்ல? நாப்பத்தாறுக்கு முந்தின பத்து வருசமும் எங்கயும் போகல, இங்கயேதான் இருந்தேன்னு உங்கப்பாதான் விண்ணப்பப் பாரம் நெரப்புனாரு. அவருக்கும் தெரியாது. வருசத்துக்கு மேல ஊர்ல இருந்தது தெரிஞ்சா தள்ளிப்புடுவாங்களாம். நீ வெசாரணை ஐயாமாரு மாதிரி கேட்டியா, வாயில வந்தத சொல்லிப்புட்டேன். அச்சுல போடுவேன்னு எனக்கு என்ன தெரியும்?"

சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டம் தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்து, ஒவ்வொருவரையும் இப்படி விண்ணப்பிக்க வைத்திருந்தது. ஞானரட்ணத்தின் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, சுகிர்தத்தின் குடும்பம் பிரஜைகளாகி மூன்று வருடமாகியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எழுதுனது பொய்யாப் போச்சு, திருத்தியாகணும். ஆனா உங்க பேரு வராது. ஆத்துப் பேரும் வராது."

ஆய்விதழுக்கு இரண்டே வரி எழுதினாள். காசுகள் கிடைத்த இடம் பற்றி எழுதியது தவறு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

பேராசிரியர் கூப்பிட்டார். "தவறென்று எப்படித் தெரிந்தது? காசுகள் எங்கிருந்து வந்தன?"

"அதைச் சொல்ல முடியாது சேர்."

"காரணம் சொல்லாவிட்டால், காசுகளை நீயே கொண்டுபோய்ப் போட்டதாகத்தான் பேசுவார்கள்."

"தெரியும் சேர்."

அவர் கெட்டவர் அல்ல. இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார். பிறகு கோப்பை மூடினார்.

தற்காலிகப் பதவி புதுப்பிக்கப்படவில்லை. 1959 தையில் சுகிர்தம் ஹட்டனில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்தாள். அப்பாவிடமும் சொல்லவில்லை. பாரம் நிரப்பிய கை அவருடையது. தெரிந்தால் அவருக்கு நிம்மதி போய்விடும் என்று பயந்தாள். மகள் ஏதோ பிசகு செய்துவிட்டாள் என்று நினைத்த அவர், ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையை விட்டுப் பின்னால் போய் உட்காரத் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே நினைப்போடு கண்ணை மூடினார்.

ராக்காயியின் விண்ணப்பம் கடைசியில் தள்ளுபடியாயிற்று. ஊருக்குப் போயிருந்ததனால் அல்ல. செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் ஒரு வருடம் ராக்கம்மா என்று பதிந்திருந்ததாம். இருவரும் ஒரே ஆள் என்று அவளால் நிரூபிக்க முடியவில்லை. 1963 அடைமழையில் அவள் இறந்தாள். மறுவருடம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் தோட்டத்து மக்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தபோது, அவள் மகன் பழனியாண்டி இந்தியாவுக்கே போய்விடுவதென்று முடிவெடுத்தான். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குத் தேடி வந்தான்.

"அம்மா சாகையில எல்லாத்தையும் சொல்லிச்சுங்க டீச்சர். எங்களுக்கு இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுங்க."

எழுதினாள். ஒரே பக்கம். 1965இல் அச்சாகி வந்தது. கரூர், அமராவதி ஆற்றுமணல், கண்டெடுத்தவர் ராக்காயி. பழனியாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மா பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓய்வு பெற்றிருந்த பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அன்றே என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். யாரிடமும் மூச்சு விட்டிருக்கமாட்டேன்.'

சுகிர்தம் அதை இரண்டு தடவை படித்தாள். அவர் சொல்வது மெய்யாக இருக்கலாம். அப்பாவிடமும் சொல்லியிருக்கலாம். அந்த நாட்களில் ஒருவரையும் நம்பத் தோன்றவில்லை; அது ராக்காயிக்காகவா, தன் வீம்பா என்று அவளுக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேராசிரியருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதி, தபாலில் போட ஹட்டன் கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.