டிரையருக்கு ஊற்றிய நல்லெண்ணெய்

ஈஜோக் ஊர்க் கடைவரிசையில் சந்திரிகா நடத்தும் டோபிக் கடையில், துணி காயவைக்கும் டிரையரின் பெல்ட் மறுபடியும் அறுந்தது. யாரோ ஒரு தொழிற்சாலைக்காரனின் சீருடைகள் உள்ளே ஈரத்தோடு கிடந்தன. மழைக்காலம் வேறு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெர்லிங் ஊரில் மகள் நித்தியாவுக்கு வளைகாப்பு. மசக்கையில் கிடந்து கூப்பிட்டபோதும் போக முடியவில்லை, தீபாவளிக்கும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இந்தப் பாழாய்ப்போன டிரையர்தான் காலைக் கட்டியது. கணவர் சிவானந்தத்துக்கு வேன் ஓட்டத் தெரியும், சாமி கும்பிடத் தெரியும். பெல்ட் மாட்ட மட்டும் தெரியாது.

பழுதுபார்க்க வந்தவர்கள் புதுப் பெல்ட்டை மாட்டினார்களே தவிர, ஏன் அறுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இம்முறை அவளே டிரையரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரம் அசையவே இல்லை. பஞ்சும் பிசுக்குமாக இறுகியிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தாள். விளக்கெரிக்கும் நல்லெண்ணெய்!

"ஏங்க, சாமி எண்ணெய மிஷின்ல ஊத்தினீங்களா?"

"வெள்ளிக்கெழமை மிஷினுக்குப் பொட்டு வெக்கிறப்ப ரெண்டு சொட்டு விடுவேன் லா. கீச்சுகீச்சுனு கத்துச்சே."

"துணிப் பஞ்செல்லாம் அதுல ஒட்டிக்கிச்சு. சக்கரம் சுத்தாம பெல்ட்ட தேச்சுத் தேச்சு அறுக்குது."

அவர் முகம் சுண்டிப்போனது. நல்லது செய்யப்போய் இப்படி ஆனதற்கு அவரும்தான் என்ன செய்வார்! சந்திரிகா திட்ட வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, சக்கரத்தையும் பெல்ட்டையும் புதிதாக வாங்கி மாட்டினாள். சனிக்கிழமை முழுக்க டிரையர் முனகாமல் ஓடியது. பட்டுப்புடவையும் கண்ணாடி வளையல்களும் பைக்குள் போயின.

சாயங்காலம் சிவானந்தம் வேன் நிறைய மூட்டைகளோடு வந்தார்.

"இனிமே பெல்ட் அறாதுல்ல? கோலசிலாங்கூர் ஹோட்டல்காரன் பெட்ஷீட் மொத்தத்தையும் நமக்கே குடுத்துட்டான். நாளைக்கு மத்தியானமே வேணுமாம். நீ இருக்கேன்னு சொல்லித்தான் எடுத்தேன்."

"நாளைக்கு வளைகாப்புங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாக்குக் குடுத்துட்டேனே, சந்திரிகா. தனியா என்னால முடியுமா?"

அவள் பட்டுப்புடவையைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வளையல்களை மட்டும் கெர்லிங் பக்கம் போகிற உறவுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் நித்தியா போனில் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க? மறுபடியும் பெல்ட்டா?"

டிரையர் பூப்போல் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரிகா உள்ளே புரளும் ஹோட்டல் பெட்ஷீட்களைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "மறுபடியும் அறுந்துருச்சு."